இரண்டாம் தொட்டியின் வெப்பம்

நாள் 212, 09:10
நிலவின் தென்முனை எரிபொருள் கிடங்கு. பொறுப்பு: வேதியியலாளர் நறுமுகை. மூன்று தொட்டிகளிலும் அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு, 12 டிகிரி. இன்று ஆயுதபூசை. தொழில்நுட்பர் செண்பகராமன் அண்ணாச்சி தொட்டிகளுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார். தூசிகூடப் படக்கூடாத சரக்கு என்று இண்டர்காமில் சொன்னேன். "வெளியிலதான தாயி வைக்கேன். உள்ளயா போட்டுக் கலக்குதேன்?" சிரித்துவிட்டேன். தடுக்கவில்லை.

11:32
இரண்டாம் தொட்டி 31. கேமராவில் பார்த்தேன். மூடியின் மூச்சுத்துளை மேலேயே பொட்டு. தொட்டி பொடியை உள்ளே இழுத்திருக்கிறது. இந்தக் குங்குமத்தின் சிவப்பு இரும்புத் துருவால் வந்தது. இரும்பு வினையூக்கி. பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. பிரியப் பிரியச் சூடு. சூடு ஏற ஏற வேகம். அதைக் குளிர்விக்க அண்ணாச்சி தண்ணீர்க் குழாயோடு கிடங்குக்குள் போயிருக்கிறார்.

11:41
58. பக்கக் குழாய் வெடித்தது. நீராவி அண்ணாச்சியின் முகத்தில் அடித்து, தோல் கழுத்துவரை உரிந்து தொங்குகிறது. சரிந்த இரும்புச் சட்டம் இடது காலை நசுக்கிப் பிடித்திருக்கிறது.
சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பில் பதினொரு பேர்; தொட்டி வெடித்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள். வெளியேற நேரமில்லை. 90ஐத் தொட்டால் கிடங்கின் வெளிக்கதவைத் திறந்து தொட்டியை வெற்றிடத்தில் கொட்ட வேண்டும். அதுதான் விதி. அண்ணாச்சி விண்வெளி உடையில் இல்லை.

11:46
79. "தொறந்துராத தாயி. ரம்பம் எட்டிருச்சி. கால அறுத்துட்டு வந்துருதேன்."
அறுக்கிறார். எலும்பில் ரம்பம் உரசுவது இண்டர்காமில் கேட்கிறது.
"ரெண்டே நிமிசம். ஏட்டி, இருக்கியா? எதாவது பேசு."


11:48
வெளிக்கதவு திறக்கப்பட்டது. இரண்டாம் தொட்டி காலி. மற்றவை 14. பதினொரு பேரும் பத்திரம்.

12:30
தலைமையகம்: "பதினொரு உயிரக் காப்பாத்தியிருக்கீங்க, மேடம். 90ல தான தொறந்தீங்க? அறிக்கையில அப்படியே போட்டுக்கிறோம்."
ஆம் என்று பதில் அனுப்பினேன்.

12:52
இதைக் கண்டெடுப்பவருக்கு. திறந்தபோது 84. அவர் அறுத்து முடித்திருந்தார். உள்கதவுக்கு நான்கடி இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே தவழ்ந்தார். அந்தக் குரல் நின்றால் போதும் என்று இருந்தது எனக்கு.