தட்டு உடைக்கும் கல்யாணம்

பசுந்தாங், யாங்கோன், பர்மா
3 மே 2025

அன்புள்ள மருமகள் உமையாளுக்கு,

உன் கல்யாணத்தில் வில்லங்கம் வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் அம்மாவையே கேள். அமெரிக்காவில் கிண்டர்கார்டன் முதல் கிறிஸ்துமஸ் மரம் வரை ஜெர்மன்காரன் இறக்கியதுதான் என்று டீக்கடையில் பாடமே எடுத்தவன் நான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் உன் ஜெர்மன் வம்சத்து மாப்பிள்ளை எரிக் வீட்டார் வாசலில் பீங்கான் தட்டுகளைப் போட்டு உடைப்பார்களாம், அது ராசியாம். நம்மில் பானை உடைப்பது எதற்கு என்று உனக்குத் தெரியாதா? சுடுகாட்டில் செய்வதை மணவாசலில் பார்க்கவா உன்னை மில்வாக்கிக்கு அனுப்பினோம்?

இன்னொன்றும் கேள். என் தாத்தா இங்கே ஜெர்மன்காரன் அரிசி ஆலையில் வேலைக்கு இருந்தபோது, ஒரு தட்டு கைதவறி உடைந்ததற்கு முதலாளி அவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர்கள் வாசலில் தட்டு உடைந்தால் தாய்மாமன் மாலை வராது. வீடியோவிலும் என் முகம் தெரியாது.

தண்டபாணி மாமன்


மில்வாக்கி
11 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோபத்தோடுதான் இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை எரிக் வீட்டில் படித்துச் சொன்னேன். அவன் தாத்தா வால்டர், இதற்கென்றே வைத்திருந்த தன் அம்மாவின் தட்டுகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கிவிட்டார். அந்த வீட்டில் யாருக்கும் ஜெர்மன் பேச வராது, மாமா. சாசேஜும் பீரும் இந்தத் தட்டும்தான் மிச்சம். நீங்கள் மட்டும் என்ன? வீட்டில் பர்மியம் பேசிக்கொண்டே காவடி எடுக்கவில்லையா?

இப்போது அவர் கல்யாணச் சபையில் எழுந்து உங்கள் தாத்தாவுக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். அந்த முதலாளியின் பெயர் கேட்கிறார். தன் வம்சத்து ஆளாக இருக்குமோ என்று பயம். உங்கள் மாலை வேண்டாம். பெயரை மட்டும் எழுதுங்கள்.

உமையாள்


பசுந்தாங்
14 மே 2025

உமையாளுக்கு,

அவரை யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னது? வயதானவர் சபையில் தலைகுனிந்தால் எனக்கா பெருமை? உடனே நிறுத்து. வீட்டுக்கு எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டியது உன் தப்பு. மாலை வேண்டாம் என்று சொல்ல நீ யார்? ஜரிகை மாலையைச் சிகாகோ வரும் என் சிநேகிதன் ராஜரத்தினத்திடம் கொடுத்தாயிற்று.

தட்டுகளை வெளியே எடுக்கச் சொல். அந்த நேரத்துக்கு இங்கே நானும் ஒன்று உடைக்கிறேன். உன் அத்தை ராதாமணி, விளிம்பு போனதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

பெயர் கேட்டாய். தெரியாது. ஆலை இருந்தது. ஜெர்மன்காரன் இருந்தான். தாத்தா தட்டை உடைத்ததும் நிஜம். அறைந்தான் என்பது மட்டும் நான் சேர்த்தது.

உன் மாமன்,
தண்டபாணி