எறிந்த அட்டை திரும்புமா

ஐப்பசி 9, வெள்ளி
விடிந்ததில் இருந்து மழை. நல்லூர் டியூஷனில் என் ஆங்கில வகுப்புக்குப் பாதிப் பேர்தான். கறிக்குக் கத்தரிக்காய்.

சாப்பாட்டில் தம்பிமார் இருவரும் முடிவைச் சொன்னார்கள். சுவிஸ் மாமா பிடித்த, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட்டிடம் ஒரு இடம்தான். இருவருக்கும் போக ஆசை. ஞாயிறு டியூஷன் மாடியில் அட்டை விளையாடி, வென்றவன் போவதாம். அம்மா சிரிக்கிறா. அதே ஏஜென்ட்டோடு போன புத்தூர்ப் பொடியன் கடைசியாகப் பேசியது எல்லைக் காட்டில் இருந்து. பிறகு சத்தமே இல்லை.

பெரியவன் குகன் எப்படியும் தப்புவான். சின்னவன் நிலனுக்கு மூச்சு இழுப்பு. மழைக்கே வாயில் அடிக்கும் பம்ப் வேண்டும்.

ஐப்பசி 10, சனி
அட்டை ஒவ்வொன்றிலும் அது செய்யும் வேலை ஆங்கிலத்தில் இருக்கும். மாடியில் பொருள் சொல்வது நான். நான் சொன்னால் மேசையில் எதிர்ப்பேச்சுக் கிடையாது. ஒருவன் தனியாகக் கேட்டதை மற்றவனுக்குச் சொல்வதும் இல்லை. நானே போட்ட சட்டம்.

கிணற்றடிக்கு நிலன் வந்தான். அண்ணனிடம் ஒரு புயல் அட்டை இருக்கிறதாம். கையில் இருந்து இரண்டை எறிந்தால்தான் போடலாம். புயலைத் தான் தடுத்தால், எறிந்தவை அண்ணன் கைக்குத் திரும்புமா? திரும்பாது என்றேன். எறிவது முதலே கொடுக்கும் விலை. புயல் பலிக்காவிட்டாலும் போனது போனதுதான்.

துள்ளிக்கொண்டு போனான். பிறகுதான் விளங்கியது. வெல்லப்போவது இவன்.

ஐப்பசி 11, ஞாயிறு
மாடி நிறைய ஆட்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. குகன் இரண்டை எறிந்து புயலைப் போட்டான். நிலன் தடுத்தான். குகன் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

"எறிஞ்சது திரும்பி வருமோ அக்கா?" குகன் கேட்டான்.

"ஓம், வரும்."

நிலன் என் முகத்தையே பார்த்தான். எறிந்த இரண்டையும் அண்ணன் பக்கம் தள்ளினான். அந்த இரண்டு அட்டையாலேயே குகன் வென்றான்.

வரும் வழியில் நிலன் சைக்கிளை நிறுத்தினான். "எனக்கு ஒண்டு சொன்னனீங்கள், அண்ணைக்கு ஒண்டு."

மழை வருகிறது, நட என்றேன். தெரிந்துதான் செய்தேன். முருகா.

ஐப்பசி 19, திங்கள்
குகனை ஏஜென்ட்டோடு அனுப்பியாயிற்று. நாளை அம்மாவின் பிரஷர் குளிசை வாங்க வேண்டும். மா அரைக்க வேண்டும்.

கார்த்திகை 4, செவ்வாய்
குகனின் குரல் பதிவு. "காட்டுக்குள்ளாலை நடக்கச் சொல்லுகினம். அம்மாட்டைச் சொல்லாதேங்கோ." பின்னால் யாரோ அதட்டுகிறான். என்ன பாஷையோ. பத்துத் தரமாவது கேட்டிருப்பேன்.

கார்த்திகை 12, புதன்
குகனுக்கு அனுப்பிய மெசேஜ் ஒன்றும் போய்ச் சேரவில்லை. சிக்னல் இராது என்கிறான் ஏஜென்ட். அம்மா அயலெல்லாம் சுவிஸ் கதை சொல்லித் திரிகிறா.

வகுப்பு முடிந்து வந்தால் நிலன் பை அடுக்குகிறான். ஏஜென்ட்டோடு தானே கதைத்தானாம். இன்னொரு இடம் இருக்கிறதாம். அண்ணையைத் தேடிப் போகிறானாம். விசரா, அந்தக் குளிரில் உன்னால் மூச்சுவிட ஏலாது என்று கத்தினேன். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். மெல்ல விடுவித்துக்கொண்டு பம்பைப் பைக்குள் வைத்தான்.

"உங்களிட்டை நான் இப்ப ஒண்டும் கேக்கேல்லை அக்கா."