பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி

என் கண் நிறைந்தவரே,

ஒரு பொல்லாத பொறாமையை உங்களிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் என்னைக் கெட்டவள் என்பார்கள்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நீங்கள் தொடை எலும்பு முறிந்து படுத்திருந்த அதே வாரம், பக்கத்துக் கட்டிலுக்குச் சிலிம் ரிவர் ஊர்க்காரர் சந்திரன் அண்ணன் வந்து சேர்ந்தார். அவருக்கும் அதே முறிவு. நாள்கணக்கில் படுத்தே கிடப்பவர்களுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறதே, அதைத் தடுக்க முடியுமா என்று அந்த வார்டில் ஓர் ஆய்வு நடந்தது. சிலரைத் தினமும் உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கும். இருவரும் கையெழுத்துப் போட்டீர்கள். பயிற்சி அவருக்கு விழுந்தது.

நீங்கள் சிரித்தீர்கள். "பாவம் மச்சான், ஒங்களுக்கு வேலை. என்னைய நிம்மதியா தூங்க விட்டுட்டாங்க லா!"

வார்டு நர்ஸ் மிஸ்ஸி அவரை நிமிர்த்தி உட்கார வைக்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். அவர் மனைவி இந்திராணி முதுகைத் தாங்கிப் பிடிப்பாள். அவர் தண்ணீர்ப் போத்தலுக்குள் குழாய் விட்டு ஊதுவார். நானும் ஒரு போத்தல் வாங்கி உங்கள் வாயருகே கொண்டுவந்தேன். "வலிக்குது தனம், விடு" என்றீர்கள். விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

இரண்டாவது வாரம் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. அதன் பிறகு நீங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

காரியம் முடிந்ததும் மிஸ்ஸி போன் செய்தார். உங்கள் விவரங்களை ஆய்வில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எடுத்துடுங்க மிஸ்ஸி. சந்திரன் அண்ணன் பொழச்சதுக்கு இவரு சாட்சியா?"

"எடுத்துடலாம்க்கா. ஆனா நல்லானவங்கள மட்டும் வெச்சிக்கிட்டா, பயிற்சியாலதான் நல்லாச்சான்னு யாருக்குத் தெரியும்?"

மூன்று நாள் கழித்து, இருக்கட்டும் என்றேன். பெருந்தன்மையால் இல்லை. உங்களை எந்தப் பட்டியலிலிருந்தும் அழிக்க மனம் வரவில்லை.

இப்போது அந்த வார்டில் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கிறார்களாம். முகம் தெரியாத அவர்கள்மேலும் எனக்குப் பொறாமைதான்.

இன்று காலை பாசாரில் சந்திரன் அண்ணனையும் இந்திராணியையும் பார்த்தேன். டாக்டரைப் பார்க்க ஈப்போ வந்தார்களாம். முற்றிய கீரையை எடுத்ததற்காக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்கு அவளுக்கு ஆள் இருக்கிறது. மீன்கடைப் பக்கம் ஒதுங்கினேன். ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னையப் பாக்கப் புடிக்கலியா?"

"புடிக்கல."

வாயில் வந்துவிட்டது. அவள் கையை விடவில்லை. "நானா இருந்தாலும் அப்படித்தான்க்கா இருந்திருப்பேன்" என்று அழுதாள். நானும் அழுதேன். சந்திரன் அண்ணன் குற்றம் செய்தவரைப் போலத் தள்ளி நின்றார்.

பொறாமை போய்விடும் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், போவேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்பேன். எழுந்து போகாமல், அவர் சொல்லும் பதில் முழுவதையும் கேட்பேன்.

இன்னமும் உங்கள் மனைவி,
தனலெட்சுமி