கண்ணாடிப் பீரோவில் ரோஸ் சோப்பு

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். நான் கேட்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். மாற்றலாகிப் போன இடத்தில் டீச்சர்களுக்கே பாடம் எடுக்கிறீர்களாம். மகளையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டீர்களாம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீங்களும் கேட்கவில்லை. அந்த வகையில் நாம் இரண்டு பேரும் சமம்.

நீங்கள் கேட்டிருப்பது வேறு. அடுத்த மாதம் விசாரணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குத் தினமும் சோப்பு கொடுத்துத்தான் கை கழுவ வைத்தார்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் வேலை தப்பிக்கும். இறந்துபோன பிள்ளையின் அம்மாவே சொன்னால் அதற்குமேல் யார் என்ன பேசுவார்கள். உங்கள் கடிதத்தை மூன்று நாள் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் சொல்வதை நீங்கள் கேட்டாக வேண்டும். வகுப்பில் இத்தனை நாள் நீங்கள் பேசினீர்கள். இது என் முறை.

பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லித்தான் என் மகளை நீங்கள் கூப்பிட்டிருப்பீர்கள். வீட்டில் அவள் மிளகு. கறுப்பாக, சின்னதாக, வாயைத் திறந்தால் காரமாக இருப்பாள் என்று அவள் அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உங்கள் பேச்சுதான். எங்க டீச்சர் இப்படி நடப்பாங்க, எங்க டீச்சர் இப்படித் தும்முவாங்க என்று நடித்துக் காட்டுவாள். தும்மும்போது முழங்கையை மடக்கி மூக்குக்குக் குறுக்கே வைப்பாள். அதுவும் நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒருநாள் நீலச் சாக்பீஸைப் பொடி பண்ணி ஒரு பையன் கையில் தடவினீர்களாம். அவனை எல்லோரோடும் கை குலுக்கச் சொன்னீர்களாம். கடைசியில் பார்த்தால் நாற்பது பிள்ளைகள் கையிலும் நீலம். கிருமி இப்படித்தான் பரவும், கண்ணுக்குத் தெரியாது, அதனால் தெரிகிற மாதிரி காட்டினேன் என்று சொன்னீர்களாம். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அதே பாடம். அவள் அப்பா டெய்லர். வெட்ட வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்துவிட்டது. "கிருமி எப்படிப் பரவுது பாத்தியாப்பா?" என்று கேட்கிறாள். திட்ட வாயெடுத்த மனுஷன் சிரித்துவிட்டார். நல்ல பாடம் டீச்சர். உங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று நான் என்றைக்கும் சொல்ல மாட்டேன்.

சாப்பிட உட்காரும்போது இரண்டு கையையும் சேர்த்துத் தேய்ப்பாள். விரல் இடுக்கு, நகம், கட்டை விரல், மணிக்கட்டு. தேய்த்துக்கொண்டே இருபது வரை எண்ணுவாள். பிறகு கையை உதறிவிட்டு, "கழுவிட்டேன்மா" என்பாள். தண்ணீர் எங்கேடி, சோப்பு எங்கேடி என்று கேட்டால், இருக்கிற மாதிரி நினைச்சுக்கணும், டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க என்பாள். நான் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே கழுவுகிறாள், வீட்டில் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். மெஸ்ஸில் நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்து என் கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். சோப்பைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சோற்றைப் பிசைந்து அந்தக் கையிலேயே வைத்தேன்.

ஒரே ஒருநாள் அவள் கை மணத்தது. போட்டோ எடுக்க ஆள் வந்த நாள். வகுப்பில் பூட்டி வைத்திருக்கிற கண்ணாடிப் பீரோவிலிருந்து ரோஸ் சோப்பை எடுத்து, மிளகின் கையில் மட்டும் நுரை வர வைத்து, படம் பிடித்துவிட்டு, சோப்பைத் துடைத்து மறுபடியும் உள்ளே வைத்துவிட்டீர்கள். "மோந்து பாரும்மா, மோந்து பாரும்மா" என்று என் மூக்குக்கு நேரே கையை நீட்டினாள். வாசனை போய்விடும் என்று அன்று முழுக்கத் தண்ணீரில் கை வைக்கவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வயிற்றுப்போக்கு. சனிக்கிழமை வாந்தி. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கக்கூஸ் போய்விட்டு வந்தால், சாப்பிடுவதற்கு முன்னால், சோப்பு போட்டுக் கை கழுவுகிற பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உண்டு சார், அவங்க டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். திங்கட்கிழமை நீங்கள் வகுப்பில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில் அவள் இல்லை. அதே வாரம் இன்னும் இரண்டு பிள்ளைகள் படுத்து எழுந்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவள் பையை வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, கதவுக்கு வெளியே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுங்கையைத் தேய்க்கிறார்கள். நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறீர்கள். இருபது வந்ததும் எல்லோரும் கையை உதறினார்கள். பின்னால் கண்ணாடிப் பீரோவில் சோப்பு அடுக்கி வைத்திருந்தது. பிள்ளை போன பிறகும் டீச்சர்! அந்த இருபதை நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அடுத்த மாதமே நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பள்ளிக்கூடத்து வாசல் சுவரில் ஒட்டினார்கள். முகம் இல்லை, நுரையோடு இரண்டு கை மட்டும். வலது கட்டை விரலில் அப்பாவின் ஊசி ஏறிய தழும்பு தெரிகிறது. அவள் அப்பா இப்போது அந்தத் தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். அந்தப் படத்தால்தான் உங்களுக்கு அங்கே நல்ல பெயர் என்று கேள்விப்பட்டேன்.

நான் மெஸ் வேலையை விட்டேன். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை காலி என்று தெரிந்து போய் நின்றேன். பெரிய சார் என் முகத்தைப் பார்க்காமலே சரி என்றார். தெருவில் எல்லோரும், பாவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மனசைத் தேற்றிக்கொள்வாள் என்று பேசினார்கள். நான் தேற்றிக்கொள்ளப் போகவில்லை. பழி வாங்கப் போனேன். எப்படி என்று மட்டும் அப்போது தெரியாது.

முதல் நாள் எனக்குக் கொடுத்த முதல் வேலை பீரோ கண்ணாடியைத் துடைப்பது. என் இடுப்பு உயரத்தில் வரிசையாக மூக்கு பதிந்த தடம். கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினால் சோப்பு வாசனை வரும் என்று மிளகு சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். எந்தத் தடம் யாருடையது என்று யார் கண்டார்கள். மேல் பாதியைத் துடைத்தேன். கீழே துடைக்கவில்லை. வாட்ச்மேனை எல்லோரும் கொட்டாவி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கூட, "என்னம்மா, பாதி வேலைக்குத்தான் பழக்கமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிள்ளைகள் கையில் சோப்பைக் கொடுத்தால் தண்ணீரில் போட்டு ஊற வைப்பார்கள், தொலைப்பார்கள், அதனால்தான் பூட்டி வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்து ஒரு சோப்பு கொண்டுபோனேன். மிளகின் பழைய சாக்ஸுக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். குழாயில் கட்டித் தொங்கவிட்டேன். சாக்ஸோடு சேர்த்துத் தேய்த்தால் நுரை வருகிறது. வழுக்கி ஓடுவதில்லை, தொலைவதுமில்லை. இவ்வளவுதான் டீச்சர். ஒரு பழைய சாக்ஸ்.

விட்டுத்தொலை, பழியெல்லாம் நமக்கெதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் அப்பா, ஒருநாள் மீந்த துணியில் முப்பத்தொன்பது கைக்குட்டை வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தார். ஆளுக்கொரு நிறம். ஒருத்தர் துணியில் ஒருத்தர் துடைக்கக் கூடாதே.

போன மாதம் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றார்கள். பெரிய சார் தரையைக் கழுவச் சொன்னார், என் சாக்ஸை அசிங்கம் என்று அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். பிறகு நீலச் சாக்பீஸை நன்றாக அரைத்தேன். விருந்தாளி நாற்காலியின் கைப்பிடியில் தடவினேன். உங்கள் பாடம்தான். அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு நாலைந்து தடவை செய்து காட்டியிருந்தேன்.

வந்த அதிகாரி உட்கார்ந்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், மூக்கைச் சொறிந்தார். மூக்கு நீலம். பிஸ்கட் தட்டில் கை வைக்கப் போனார். முன் வரிசையில் ஒரு குட்டிப் பெண், அணுகுண்டு என்று கூப்பிடுவோம், எழுந்து நின்றாள். "சார், உங்க மூக்குல கிருமி! பிஸ்கட்டைத் தொடாதீங்க!" என்று ஒரு கத்து. உடனே எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து, "கை கழுவுங்க சார், கை கழுவுங்க சார்" என்று தட்டைத் தட்டுகிறார்கள். அதிகாரி நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். சரி, கழுவுகிறேன், சோப்பு எங்கே என்று கேட்டார். எல்லோரும் பீரோவைக் காட்டினார்கள். "அதுல இருக்கு சார். ஆனா எடுக்கக் கூடாது. பாக்கத்தான்" என்றாள் அணுகுண்டு.

அதோடு அவர் சிரிப்பு நின்றது. பீரோவைத் திறக்கச் சொன்னார். சாவி தேடவே கால் மணி நேரம் ஆனது. சோப்பெல்லாம் வெடித்து வெளிறிக் கிடந்தது. அப்படியென்றால் இத்தனை நாள் எப்படிக் கழுவினீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டார். "முன்னாடி டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரி செஞ்சு காட்டட்டா சார்?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் எண்ணிக்கொண்டே வெறுங்கையைத் தேய்த்தார்கள். அவர் நின்றுகொண்டே கேட்டார். இருபது வரை. பெரிய சார் தரையைப் பார்த்தார். பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, நீங்கள் யாரம்மா என்று கேட்டார். சொன்னேன். வாசலில் ஒட்டியிருப்பது யார் கை என்றும் சொன்னேன்.

விசாரணை வந்தது இப்படித்தான். யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறீர்கள். மொட்டைக் கடிதம் இல்லை. நான்தான்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில். டீச்சர் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள், என் பிள்ளை சோப்பு போட்டுக் கழுவுவாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒருதரம் சொல்லிவிட்டேன். இரண்டாம் தரம் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்வேன். என் கண் முன்னால் அவள் வெறுங்கையைத் தேய்த்தபோது நான் சிரித்ததையும் சொல்வேன். அது உங்களைக் காப்பாற்றினாலும் சரி, காப்பாற்றாவிட்டாலும் சரி. விசாரணைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது பிள்ளைகள் கையை நீட்டச் சொல்வார்கள். நீட்டுங்கள். அணுகுண்டிடம் தப்பிக்க முடியாது.

உங்கள் மகளுக்கு இப்போது மிளகின் வயது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, அந்தப் பிள்ளையைச் சொல்லிச் சபிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்து இவ்வளவு நேரமாகிறது, அந்த வார்த்தை கைக்கு வரவில்லை.

அவள் நன்றாக இருக்கட்டும் டீச்சர். கல்யாணம் காட்சி என்று எல்லாம் பார்க்கட்டும். ஒவ்வொரு வேளையும் அவளை நீங்களே குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வேறு யாரிடமும் விடாதீர்கள். அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்து, நிதானமாக இருபது வரை எண்ணுங்கள். கட்டை விரல் வரும்போது அவசரப்படாதீர்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சோப்பு வைத்திருக்கிறேன். பீரோவில் இருந்ததுதான். வெடித்திருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நனைத்துப் பார்த்தேன், இன்னும் நுரை வருகிறது.

இப்படிக்கு,
மிளகின் அம்மா