மழை படாத இடத்து ஸ்க்ரூ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருக்கிறது, அதை விடு. உன் இருமல் நின்றதா, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று ஒரு வரி எழுது. கடிதத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதறாதே, எல்லாரும் முழுசாக இருக்கிறோம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அப்புறம் அவரைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது? அதனால்தான் அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், டீ போட்டு வைத்துக்கொண்டு படி. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணிவிடாதே.

விஷயம் நீ போன வாரம் சொன்னாயே, அந்த நாலு பெட்டி ஸ்க்ரூ. ஆஸ்பத்திரிக்காரர்கள் கடற்கரைப் பக்கம் நோயாளிகள் நடந்து பழக ஒரு மரப்பாதை போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, இரண்டு பக்கமும் கைப்பிடி, பாதி தூரத்துக்கு மேலே கூரை, அவர் கைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. அதைக் கேட்டதும் நீ, "அப்பா, போன தடவை கொண்டு வந்தேனே, அதே ஸ்க்ரூ நாலு பெட்டி வாங்கி வெச்சுட்டேன், அடுத்த மாசம் வரும்போது எடுத்துட்டு வரேன், அந்தக் கைப்பிடிகிட்ட நின்னு நாம போட்டோ எடுத்துக்கணும்" என்றாய். அவரும், "கொண்டு வாம்மா, அது மாதிரி ஸ்க்ரூ இங்க எங்க கிடைக்குது" என்றார். நீ போனை வைத்த பிறகு போட்டு வைத்த டீயைக் கூடக் குடிக்காமல் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது நீ இரண்டு பெட்டி கொண்டு வந்தாய். முப்பது வருஷமாகக் கடலோர வீடுகளுக்கு வேலியும் மரத்தளமும் போடுகிற மனுஷனுக்கு ஸ்க்ரூ வாங்கி வருகிற தைரியம் உனக்குத்தான் வரும். கடலையே பார்க்காத ஊர்க் கடையில் வாங்கினது, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அப்பா அதை எதிர்வீடு பக்கத்துவீடு என்று எல்லாருக்கும் காட்டினார், ஒன்றைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். அப்புறம் பேங்க் அக்கா வீட்டு மாடி வேலை வந்தது, பேங்கில் ரிடையர் ஆகி கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறாரே, அந்த அக்கா. பாதி கூரைக்கு அடியிலும் பாதி திறந்தவெளியிலும் ஒரு மரத்தளம், சுற்றிலும் மரக் கைப்பிடி. திறந்த பாதிக்கு அப்பா எப்போதும் வாங்குகிற, படகுகளுக்குப் போடுகிற ரகத்து மங்கல் ஸ்க்ரூ. கூரைக்கு அடியில் வருகிற பாதிக்கு மட்டும் உன் ஸ்க்ரூ. பெண் கொடுத்ததை மழையில் நனைய விட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மிச்சம் இருந்ததில்தான் உன் ரூமுக்கு அந்தப் புத்தக அலமாரியைச் செய்தார், அதற்கும் மேல் ஒரு பிடி மிஞ்சிக் கிடந்தது.

அஞ்சு மாசத்துக்கு முன்னால் பேங்க் அக்காவைப் பார்க்கப் போனேன். தினமும் காலையில் அந்தக் கூரைக்கு அடியில் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு டீ குடிப்பதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம், என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு குடித்தார். அப்போதுதான் பார்த்தேன். மழையில் கிடந்து நனைகிற பாதி சுத்தமாக இருக்கிறது, ஒரு சொட்டு மழை படாத பாதியில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்குக் கீழேயும் அழுத மாதிரி ஒரு பழுப்புக் கோடு. இது என்ன தலைகீழ் நியாயம்? நனைந்ததுதானே துருப்பிடிக்கும், நனையாதது ஏன் பிடிக்கிறது? வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், "அது மேலாக்க ஒட்டின கறை, தொடச்சா போயிடும்" என்றார். மறுநாளே போய்த் துடைத்தார், போனது, பத்து நாளில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. உனக்குத்தான் என்னைத் தெரியுமே, இருபத்தாறு வருஷம் ஸ்கூல் லேபில் பாட்டில் கழுவினவள், காரணம் தெரியாவிட்டால் சோறு இறங்காது. இங்கே இரண்டு விஷயம் ஒரே சமயத்தில் மாறியிருக்கிறது, ஸ்க்ரூவும் வேறு, இடமும் வேறு, எது குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? அதனால் பட்டறையில் கழித்துப் போட்ட மூன்று பலகை எடுத்து, ஒவ்வொன்றிலும் உன் ஸ்க்ரூ நாலு, அப்பா ஸ்க்ரூ நாலு முடுக்கினேன். ஒன்றை வேலி மேல் மழையில் தொங்கவிட்டேன். மற்ற இரண்டையும் கடல் பக்கத்துக் கூரை நுனிக்கு அடியில் மாட்டினேன், அதில் ஒன்றுக்கு மட்டும் வாரம் ஒரு தடவை ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூதக்கண்ணாடியோடு நான் போய் நிற்பதைப் பார்த்து அப்பா, "என்ன, ஸ்க்ரூவுக்குக் காய்ச்சல் இருக்கானு பாக்கறியா?" என்று கேட்பார். உன் சித்தி நாலு நாள் வந்து தங்கினாளே, அவள், "எல்லார் வீட்டுலயும் துணி காயப்போடுவாங்க, உங்க வீட்டுல பலகை காயப்போடறீங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு வாரம் ஆனது. கேள், உனக்கும் ஆச்சரியமாக இருக்கும். மழையில் கிடந்த பலகையில் உன் ஸ்க்ரூ லேசாகத்தான் பழுப்பேறியிருந்தது. கூரைக்கு அடியில் சும்மா இருந்ததில் தலையைச் சுற்றிச் செதில் செதிலாகத் துரு, அப்பா ஸ்க்ரூவில் கூட இரண்டொரு புள்ளி. சொம்புத் தண்ணீர் பட்ட பலகைதான் மூன்றிலும் அதிகச் சுத்தம். அப்படியென்றால் உப்புக் காற்று எல்லா இடத்துக்கும்தான் வருகிறது, மழை பெய்கிற இடத்தில் உப்பைக் கழுவிவிடுகிறது, மழை வராத இடத்தில் அது ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து தின்கிறது. எனக்கு ஒரே குதூகலம், எழுந்து கை தட்டாத குறை. அந்தக் குஷியில் பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். அப்பா ஸ்க்ரூவில் ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. உன் ஸ்க்ரூவில் சடக்கென்று போய் ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பார்க்க இரண்டும் எவர்சில்வர்தான், ஆனால் ஒரே உலோகம் இல்லை. சரி, உள்ளே எப்படி இருக்கிறது என்று செதில் விட்ட ஒன்றைக் கழற்றப் போனேன். தலை கையோடு வந்துவிட்டது, உடம்பு பலகைக்குள்ளேயே நின்றுவிட்டது. அப்போதுதான் கண்ணு, எனக்கு உறைத்தது. நான் பன்னிரண்டு வாரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த அக்கா பன்னிரண்டு வாரமும் தினம் அதில்தான் சாய்ந்து நின்றிருக்கிறார்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கருவிப் பையை எடுத்துக்கொண்டு பேங்க் அக்கா வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தார், முழங்காலை இழுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். போனதும் முதல் வேலையாக அந்த மாடிக் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டி, "அக்கா, நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பதினோரு ஸ்க்ரூ தலை மட்டும் கையோடு வந்தது. கைப்பிடியின் ஒரு மூலைக் கால் ஒரே ஒரு ஸ்க்ரூவில் நின்றுகொண்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "என்னங்க, நேத்து கூட இதுலதானே சாஞ்சிருந்தேன்" என்று சிரித்தார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். கிளம்பும்போது, "தப்பான ஸ்க்ரூவை நான்தான் போட்டுட்டேன் அக்கா, மன்னிச்சுக்கங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யார் கொடுத்தது என்று மூச்சு விடவில்லை. வருகிற வழியில் உன்னைப் பற்றி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "அவகிட்ட சொல்லிடாதே."

நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் போன வாரம் நீ பேசிய பிறகு பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தவரிடம், இப்போது ஆஸ்பத்திரிக் கைப்பிடிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துலயும் போடமாட்டேன். கடைசியில ஒரே ஒரு வரிசை மட்டும் அவ ஸ்க்ரூவைப் போட்டு வைக்கறேன், வந்து எங்க என் ஸ்க்ரூன்னு கேட்டா காட்டணுமே. அவ ஊருக்குப் போனதும் மாத்திடறேன்" என்கிறார். மாற்றுவார், அவர் சொன்னால் செய்கிறவர்தான். ஆனால் நடுவில் காய்ச்சல் வந்தால்? வேறு வேலை வந்து மறந்தால்? ஆபரேஷன் ஆகி முதல் தடவையாக எழுந்து நிற்கிற ஒருத்தர் மொத்தப் பாரத்தையும் அந்த வரிசையில் போட்டுப் பிடித்தால்? போட்டோவுக்காக ஒரு கைப்பிடியா? அவரோடு சண்டை போட்டுப் பார்த்தேன், "ஒரு வரிசைதானே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார். உன் முகம் வாடிவிடும் என்று அவருக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, முதலில் அதைப் புரிந்துகொள். தப்பு என்னுடையது. நீ பெட்டியைக் கொண்டு வந்த அன்றைக்கே அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை நான் படித்தேன், எதைக் கையில் எடுத்தாலும் லேபிள் படிக்கிற பழக்கம் எனக்கு. கட்டடத்தின் உள் வேலைக்கு மட்டும் என்று போட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாய். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடி வைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. இதை இதுவரை அவரிடம் கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அப்பாவுக்குப் போன் பண்ணி ஸ்க்ரூ எப்படிப்பா இருக்கிறது என்று கேள். முதல் தடவை பிரமாதம் என்பார். விடாதே, இன்னொரு தடவை கேள், அவரே சொல்லிவிடுவார், இரண்டு தடவை பொய் சொல்ல அவருக்கு வராது. பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அப்படியே இன்னொன்றும் கேள், உன் ரூமில் கடல் பக்கத்து ஜன்னலை ஏன் திறக்கவே விடமாட்டேன் என்கிறார்? ஒரு மாசத்துக்கும் மேலாகச் சாத்தியே கிடக்கிறது, உள்ளே போனால் மூச்சு முட்டுகிறது. கொக்கி இறுகிவிட்டது என்கிறார், நான் தொட்டால் சுலபமாகத்தான் அசைகிறது. இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு இன்னும் காரணம் பிடிபடவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ரோட்டைத் தாண்டும்போது காதில் பாட்டு வேண்டாம், இருமலுக்கு மருந்தை நீயே முடிவு பண்ணாமல் டாக்டரிடம் போ. நீ எந்த ஊரில் எந்தக் கைப்பிடியைப் பிடித்து நடந்தாலும் அது உன்னைத் தாங்க வேண்டும், அதுதான் அம்மாவுடைய ஆசீர்வாதம். போன் பண்ண மறந்துவிடாதே, இரண்டு தடவை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

கண்ணு, இதை மேசையில் வைத்துவிட்டு உறை ஒட்டப் பசை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் அப்பா சீக்கிரமே வந்து, முழுக்கப் படித்து முடித்து, தன் தச்சுப் பென்சிலால் கீழே எழுதிக்கொண்டிருக்கிறார். அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

அம்மா எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. பேங்க் அக்கா வீட்டில் தலை கையோடு வந்தது பதினொன்று இல்லை, பதினாலு. மூன்றை அம்மா பார்ப்பதற்குள் நான் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டியில் போட்டிருந்ததை நானும் அன்றைக்கே படித்தேன். மேலே கூரை இருந்தால் அதுவும் உள்ளேதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கொடுத்ததை எங்கேயாவது போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரி வேலையில் ஒரு வரிசை கூடப் போட மாட்டேன். உன் ரூம் அலமாரி உன் ஸ்க்ரூவில் செய்தது, உப்புக் காற்று பட வேண்டாம் என்றுதான் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதே. நாலையும் கொண்டு வா, வீட்டுக்குள் வேலை நிறைய இருக்கிறது.

அப்பா