கொடி இரத்தம் கேட்ட மச்சாள்

2007 ஏப்ரல் 16, திங்கள்

காலையில் கிளினிக். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், என் கால் வீக்கம்தான் சரியில்லையாம். வரும் வழியில் ஜவாஹிர் நானாவின் கொமினிக்கேசன் கடையில் குந்தியிருந்து எடித்தின் போன் அழைப்பை எடுத்தேன். கொழும்பில் இருக்கும் இவருடைய ஒரே அக்கா. எங்கள் கலியாணத்துக்கு ஒரு சட்டைத்துணி அனுப்பாதவள் இன்று தேனாகக் கதைக்கிறாள்.

பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடியில் மிஞ்சுகிற இரத்தத்தை எடுத்துப் பத்திரப்படுத்துவார்களாம். பிறகு பெரிய நோய் வருத்தம் ஏதும் வந்தால் உதவுமாம். கொழும்பில் எடுத்து இந்தியாவில் வைப்பார்களாம். "செலவு முழுக்க என்ர. நீங்கள் ரெண்டு பேரும் வந்தாக் காணும்" என்றாள்.

இனாமாம்! அதுவும் எடித்திடமிருந்து!

ஏப்ரல் 18

இவரிடம் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே, "அக்கா சொன்னா நல்லதுக்குத்தான்" என்றார். இந்த மனிசனுக்கு அக்கா வாய் திறந்தால் வேதவாக்கு.

பாவம், கடலுக்குப் போகத் துணையும் இல்லை. போன மாதம் யேசுதாசனை வெள்ளை வானில் ஏற்றிக் கொண்டு போனார்கள். இருவருக்கும் ஒரே வள்ளம். யேசுதாசனின் மனுசி ஆமி காம்ப் வாசல்களில் இன்னும் அழுதுகொண்டு திரிகிறாள்.

ஏப்ரல் 27

மறுபடி எடித். தம்பியும் கட்டாயம் வரவேண்டுமாம், தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டுமாம். "இப்பவே வந்திடுங்கோ. டாக்குத்தரிட்டத் துண்டு எழுதி வாங்கினா கொழும்புக்கு வர ஆமி பாஸ் குடுக்கும். உடுப்பு கொஞ்சம் கூடக் கொண்டு வாங்கோ."

கூட உடுப்பு எதற்கு? கொடி இரத்தம் எடுக்க மாதக்கணக்கா செல்லும்? அவள் வீட்டு வேலைக்காரி நின்றுவிட்டாளோ? தகப்பன் எதை எழுதிக் கொடுக்க வேண்டும்? ஆரைப் பேய்க்காட்டுகிறாள்?

சோறு வடிக்கும்போதுதான் பொறி தட்டியது. அவளுடைய மகன்! சின்னனில் இரத்தம் ஏற்றி ஏற்றி வளர்ந்த பிள்ளை. அதுதானே பார்த்தேன். என் பிள்ளைக்குச் சேமிப்பாம், மண்ணாங்கட்டி.

மே 2

கிளினிக்கில் டாக்குத்தரிடம் மெல்லக் கேட்டேன். பாஸுக்குத் துண்டு கேட்கவில்லை. அவர் சிரித்தார்.

"சில வருத்தங்களுக்கு உதவும்தான். ஆனா அந்தப் பிள்ளைக்கே தேவைப்படுறது குறைவு. சொந்தத்தில வருத்தக்காரர் இருந்தா யோசிக்கலாம். அப்பவும் பொருந்தோணும்."

சொந்தத்தில் வருத்தக்காரர்! வேறு என்ன வேண்டும் எனக்கு?

மே 5

இன்று நானே எடுத்தேன். கொமினிக்கேசனில் நாலைந்து பேர் நின்றார்கள், ஆளுக்காள் காதைத் தீட்டிக்கொண்டு. நிற்கட்டும்.

"உங்கட மகனுக்கோ கேக்கிறியள், மச்சாள்?"

"ஓம் எண்டே வைச்சுக்கொள். வாறியளோ?" என்றாள்.

ஒப்புக்கொண்டுவிட்டாள்! வெட்கமில்லாமல்!

"எங்கட பிள்ளையின்ர கொடியை எங்கட வளவு மண்ணுக்கதான் தாப்பம். ஒரு சொட்டும் வராது" என்று சொல்லி வைத்துவிட்டேன். மனம் குளிர்ந்தது.

மே 6

கோயில் பூசை முடிந்து வரும்போது இவர், "உன்ர விருப்பம்" என்று மட்டும் சொன்னார். நான் வென்றேன்.

மே 24

இவரைக் கொண்டு போயிட்டாங்கள்.

துறைக்குப் போற ஒழுங்கையில. வெள்ளை வானாம். செருப்பு ஒண்டுதான் கிடந்தது, இடக்கால் செருப்பு. என்ர மாதாவே, அவர் என்ன செய்தவர்? ஆருக்கு என்ன செய்தவர்?

காம்பில தங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லுறாங்கள். பொலிசிலயும் அதே கதை. யேசுதாசன்ர மனுசி வந்து பக்கத்தில இருந்தா.

ஜூன் 19

பெண் பிள்ளை. முகம் அப்படியே அவர்.

எடித் வந்து இரண்டு நாளாகிறதாம்; நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிரசவ அறை வாசலில் அவளைக் கண்டதும் எனக்குத் தலைக்கேறியது. தம்பி போயும் இவளுக்கு இரத்தம் வேண்டிக் கிடக்கிறதோ என்று நினைத்தேன். அவள் கேட்கவேயில்லை. பிள்ளைப்பேறு பார்த்த மிஸ்ஸி அன்னப்பிள்ளை பையில் கட்டிக் கொடுத்த கொடியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாளாம். தகப்பன் செய்யவேண்டியதைத் தானே செய்து, முருங்கைக்குக் கீழே கிடங்கு வெட்டிப் புதைத்தாளாம்.

பின்னேரம் நகக்கண்ணில் மண்ணோடு வந்து கட்டிலில் இருந்தாள். எனக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. "உங்கட மகனுக்கு இனி என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"அவன் பந்தடிச்சுக்கொண்டு திரியிறான், பெற்றிசியா. சின்னனில வந்தது அப்பவே மாறிட்டுது, இப்ப அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

"என்னைக் கள்ளி எண்டு நினைச்செண்டாலும் வருவியள் எண்டுதான். யேசுதாசனைக் கொண்டுபோன அண்டைக்கே எனக்குத் தெரியும், அடுத்தது தம்பிதான் எண்டு. போனில எப்பிடிச் சொல்ல? அங்க எத்தினை காது! ஆஸ்பத்திரி விசயமெண்டால் பாஸ் குடுப்பாங்கள். கொடி இரத்தம் நான் பேப்பரில வாசிச்சது மட்டும்தான். வேற சாட்டு எனக்குக் கிடைக்கேல்ல."

போனில் ஆர் நேரே கதைக்கிறார்கள்? நான் கதைப்பேனா? கடல் எப்படி என்று கேட்டால்கூட நாலு பக்கம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். மச்சாள் மட்டும் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டுமாம்.

ஜூலை 30

பிள்ளை சிரிக்கிறாள். மச்சாள் கொழும்புக்குப் போகவில்லை.

செப்டம்பர் 11

கரையோரப் பற்றைக்குள் ஒரு உடம்பைத் தோண்டி எடுத்திருக்கிறார்களாம். ஆள் அடையாளம் தெரியாதாம். இவர்தானோ என்று பொருத்திப் பார்க்கப் பிள்ளையின் இரத்தம் வேண்டுமென்று கோர்ட்டில் சொன்னார்களாம்.

மச்சாள்தான் பிள்ளையை மடியில் வைத்திருந்தா. குதிக்காலில் குத்தினார்கள். வீரிட்டு அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னப் போத்தலில் விட்டு ஒட்டி, கொழும்புக்கு அனுப்புகிறோம் என்றார்கள்.

"பொருந்தினா அறிவிப்பம்" என்றார் டாக்குத்தர்.

வெளியே வந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்தா. இரண்டு பேரும் ஒரே செபம்தான் சொன்னோம். மாதாவே, பொருந்தக் கூடாது.