ஆட்டுக்காரர் ஏமஸ் சாகக் கூடாது

ஜனவரி 14, செவ்வாய்

உலகம் அழிந்த பிறகு நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எங்கள் இசைக்குழு வாசிக்கிறது; முதல் ஒலிப்பதிவு இன்று. பணம் அமெரிக்காவுடையது, உதடும் விரலும் புடாபெஸ்ட்காரர்களான எங்களுடையது. இயக்குநர் பிரென்ட் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து திரையில் வந்தார். எங்களுக்குச் சாயங்காலம், அவருக்குக் காலை. பல் துலக்காத முகம். வந்ததும் ஒரு தத்துவம் சொன்னார்.

கதையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாத்தியமாம். ஆள் செத்தால் அந்த வாத்தியமும் வாயை மூட வேண்டுமாம். அதற்கப்புறம் தொடர் முடியும்வரை அதற்கு வேலை கிடையாது. "கடைசியில ஒரே ஒரு குரல்தான் மிஞ்சணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

ஹார்ன் ஊதும் டெஷோ என் பக்கம் சாய்ந்து, "சம்பளமும் சேர்ந்து சாகுமான்னு கேளு பிரோஷ்கா" என்றான். கோல் பிடித்து நடத்துகிற பாலிந்த் திரும்பி முறைத்தார்.

நான் ஊதுவது பஸூன், ஆள் உயர மரக்குழல்; அதற்குக் கிடைத்த ஆள் ஏமஸ். ஆடு மேய்க்கும் கிழவர். முதல் காட்சியிலேயே இருமுகிறார். ஏன் இருமணும்? உலகம்தான் அழிஞ்சு போச்சே, உடம்பையாவது பார்த்துக்கக் கூடாதா மனுஷன்?

ஜனவரி 21

புல்லாங்குழல் போச்சு. எனிக்கோவுக்கு வாய்த்தது ஒரு டாக்டரம்மா. பாலத்திலிருந்து விழுந்து செத்துவிட்டாள். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசிக்கிறோம். தன் ஆள் விழுவதைத் தானே பார்த்து, தானே கடைசி சுரத்தையும் ஊதிவிட்டு, குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள் எனிக்கோ.

உடனே மர வாத்தியம் வைத்திருந்த எல்லாரும் அந்த மரத்தை மூன்று தட்டுத் தட்டிக்கொண்டோம். கெட்டது அண்டாமலிருக்க எங்கள் ஊரில் செய்வதுதான்.

"என்னுது வெள்ளிடி, தட்ட மரம் ஏது? அதான் முதல் ஆளா போறேன்" என்று எனிக்கோ சிரித்தாள். யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஜனவரி 28

ஏமஸ் இன்றைக்கு ரத்தமாக இருமினார். இடைவேளையில் கொடுத்த பொகாச்சா ரொட்டியை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 4

கதையில் ஒரே நிலநடுக்கத்தில் ஒரு கூட்டமே செத்தது; இங்கே செல்லோ வாசிக்கிறவர்கள் கூண்டோடு காலி. எழுபது பேர் இருந்த கூடத்தில் பாதி நாற்காலி காலியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஒருத்தர் இல்லாமல் போனால் கல்லறைக்குப் பூவாவது கொண்டுபோவோம். இங்கே வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

சண்டை வேறு. டெஷோவின் ஆள் ஒரு போலீஸ்காரன். அவன் பாழடைந்த மருந்துக் கடைக்குள் புகுந்து ஏமஸுக்கு மாத்திரை எடுத்து வெளியே வீசினான். கூரை இடிந்து அவன் தலையில் விழுந்தது. மாத்திரை கிழவர் கைக்கு வந்ததும் நான் "அப்பாடா!" என்றேன், வாய்விட்டே.

"என்ன அப்பாடா?" டெஷோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் கிழவன் பிழைக்க என் பையன் சாகணுமா?"

"கதையை நானா எழுதினேன்?"

"நீ எழுதலை. ஆனா சந்தோஷப்பட்ட பாரு!"

ஆமாம், பட்டேன். யாருக்குத்தான் தன் வாத்தியத்தை வாசிக்கணும்னு இருக்காது?

பிப்ரவரி 18

ஏமஸ் மட்டும்தான் மிச்சம். நான் மட்டும்தான் மிச்சம்!

இருபது வருஷமாக மற்றவர்கள் பாடும்போது பின்னால் உட்கார்ந்து 'பொம் பொம்' போட்டவள் நான். இன்றைக்கு அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவே தனியாக, முழுசாக ஒரு பாட்டு. சாம்பல் மூடிய மலையில் ஆடுகளோடு கிழவர் நடக்கிறார். வாசிக்கும்போது அழுதேன். இதில் என்ன வெட்கம், அழுதேன்.

முடித்ததும் பாலிந்த், "மூச்சு மைக்ல விழுது பிரோஷ்கா, இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்றார்.

திரையில் பிரென்ட் எழுந்தே நின்றுவிட்டார். "தொடாதீங்க! அந்த மூச்சு அப்படியே இருக்கட்டும்."

என்ன ரசனை! மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

கடைசிப் பகுதி ஒளிபரப்பானது. எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன், மீன் சூப் வைத்தேன். டெஷோ கூட வந்தான், மனசில்லாமல்தான்.

மலை வந்தது. கிழவர் வந்தார். ஆடு வந்தது. பாட்டு வரவில்லை.

காற்று மட்டும் வீசியது. நடுவில் 'உஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. என் மூச்சு! பாட்டை வழித்து எறிந்துவிட்டு, ஊதுவதற்கு நடுவில் நான் இழுத்த மூச்சையெல்லாம் பொறுக்கிக் கிழவர் வாயில் ஒட்டியிருக்கிறார்கள். அடப்பாவிகளா! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சிட்டீங்களே!

வராத பாலிந்தை உடனே போனில் பிடித்தேன். அமெரிக்காவில் நாலு பேரைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்டினார்களாம். பஸூன் ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார்களாம். "வாத்து கத்துதுன்னு நினைச்சுட்டாங்க பிரோஷ்கா. நான் என்ன பண்ண?"

முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடியது. இசைக்குழுவில் நான் இல்லை. ஒலி விளைவுகள் என்று தனியாகப் போட்டிருந்தார்கள்: காற்று, ஆடுகள், பிரோஷ்கா.

டெஷோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனிக்கோ மட்டும் என் கையைப் பிடித்து, "மூச்சு சுருதி சேர்ந்துதான்டி இருந்துச்சு" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 3

அந்த மூச்சுக்கு ஏதோ விருதாம். அடுத்த பாகத்தில் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து வருகிறார்களாம். அதனால் எங்கள் எழுபது பேருக்கும் மறுபடி வேலை. வாத்தியம் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அவரவர் நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்தோம். கையை எங்கே வைப்பதென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாலிந்த் கோலை உயர்த்தினார். எல்லாரும் சேர்ந்து மூச்சை இழுத்தோம்.

பிரென்ட் திரையிலிருந்து நிறுத்தினார். "ரெண்டாவது வரிசையில அந்தம்மா, பிரோஷ்கா. தப்பா நினைக்காதீங்க, நீங்க ஏதோ வாசிக்கப் போற மாதிரியே மூச்சை இழுக்கிறீங்க. அது வேணாம்."

நாலைந்து தடவை எடுத்தோம். கடைசியில் எனக்கும் சரியாக வந்துவிட்டது.